காற்றின் மீது பழி போடாதே! குவியலுக்கு வேலி எங்கே?

சுங்கை காடுட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களே! செனவாங், மம்பாவ், ரந்தாவ் பக்கமிருந்து இதைப் படிக்கும் தோழர்களே!

உங்களிடம் ஒரு கேள்வி. காலையில் துவைத்துக் காயப்போட்ட பள்ளிச் சீருடை மத்தியானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தால் யாரைத் திட்டுகிறீர்கள்? பெரும்பாலும் காற்றைத்தான். "இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துவைக்கிறோம். ஜன்னலை அடைக்கிறோம். பிள்ளை இருமினால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்றைய சம்பளம் போய்விடுகிறது.

மணலும் கல்தூளும் நிலக்கரியும் தாதுவும் திறந்தவெளியில் கொட்டி வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "காற்று அடித்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும்! எப்படிச் செய்வது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதற்குப் பெயர் காற்று வேலி. ஜப்பானிலும் சீனாவிலும் பெரிய நிலக்கரிக் கிடங்குகளைச் சுற்றி இப்படிப்பட்ட வேலிகள் நிற்கின்றன. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, நம் வீட்டுப் பக்கத்தில் ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கேட்பதற்கு முன்னால் எதைக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை வலையைக் கட்டிக் காட்டி "வேலி போட்டாயிற்று" என்று நம்மை அனுப்பிவிடுவார்கள்.

காற்று வேலி என்றால் என்ன?

குவியலைச் சுற்றி, குவியலைவிட உயரமாக, இரும்புத் தூண்களில் நிறுத்தப்படும் துளையுள்ள தடுப்பு அது. தகடாக இருக்கலாம், கெட்டியான வலையாகவும் இருக்கலாம். முக்கியமான சங்கதி அந்தத் துளைதான். பரப்பில் ஏறக்குறைய பாதி திறந்திருக்க வேண்டும்.

"ஓட்டை போட்ட வேலி எப்படித் தூசைத் தடுக்கும்? முழுச் சுவரே எழுப்பிவிடலாமே?" என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. முழுச் சுவரில் மோதும் காற்று அதன் தலைக்கு மேல் ஏறி மறுபக்கம் சுழன்று இறங்கும். சுவருக்குப் பின்னால் இருக்கும் குவியலை அந்தச் சுழல் கிளறிவிடும். துளையுள்ள வேலியிலோ ஒரு பகுதிக் காற்று மெதுவாக உள்ளே கசியும். அந்த மெல்லிய காற்று சுழலை உருவாகவிடாது. மொத்தத்தில் குவியலின் மேல் போகும் காற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

வேகம் குறைவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு தூளுக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே காற்று அடித்தால் தூள் அசையாமல் கிடக்கும். எல்லையைத் தாண்டிவிட்டால் கிளம்பும் தூசின் அளவு மளமளவென்று ஏறும். ஏறக்குறைய வேகத்தின் முப்படிக் கணக்கில் ஏறும் என்பார்கள். அதாவது காற்றின் வேகம் பாதியானால் தூசு எட்டில் ஒரு பங்காகக் குறையலாம். வேகம் எல்லைக்குக் கீழே போய்விட்டால் தூசு கிளம்பாமலே கிடக்கும்.

வேலிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் பாதுகாப்பு? வேலியின் உயரத்தைப்போல் சில மடங்கு தூரம்வரை நல்ல தடுப்பு கிடைக்கும். 10 மடங்கைத் தாண்டும்போது அது பெரும்பாலும் தேய்ந்துவிடும். எனவே 10 மீட்டர் உயரக் குவியலுக்கு 3 மீட்டர் தகரம் அடைப்பது கண்துடைப்பு! குவியலின் உச்சி மொட்டையாகக் காற்றில் நிற்கும். அங்கிருந்துதான் தூசு கிளம்பும். பல இடங்களில் பார்க்கிறோமே, சாலையோரமாக மட்டும் அழகாக வண்ணமடித்த தகரம்? அது குவியலைக் கண்ணிலிருந்து மறைக்கும். தூசை மறைக்காது.

"நம் ஊரில் ஏது காற்று?"

அதிகாரிகளிடம் போனால் இன்னொரு பதிலும் வரும். "மலேசியாவில் காற்று மெதுவாகத்தான் வீசுகிறது. சராசரி வேகத்தைப் பாருங்கள். வேலி தேவைப்படாது."

சராசரியைக் காட்டி ஏமாற வேண்டாம், தோழர்களே! சராசரி மெதுவானது என்பது உண்மைதான். ஆனால் தூசைக் கிளப்புவது சராசரிக் காற்று இல்லை, திடீர்க் காற்று. குவியல் தூசைக் கணக்கிடும்போது அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமே சராசரியை விட்டுவிட்டு உச்ச வேகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

நம் ஊரில் அந்த உச்ச வேகம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். பிற்பகலில் வானம் கறுத்து, மழை விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் சுழற்றி அடிக்குமே, அப்போது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு மேற்குக் கரை மாநிலங்களின் மேல் பாயும் திடீர்க் காற்று இன்னொன்று. வானிலைத் துறையினர் அதைச் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள். மழை இல்லாமல் காய்ந்து கிடக்கும் வாரங்களில் குவியலின் மேல்தோல் மாவாக உலர்ந்திருக்கும். அந்த நேரத்தில் 10 நிமிடக் காற்று போதும். ஒரு தாமான் முழுக்கத் தூசு இறங்கிவிடும். மறுநாள் சராசரிக் கணக்கில் அந்த 10 நிமிடம் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வேலி மட்டும் போதாது. காற்று அடங்கிய நாள்களில் தூசைக் கிளப்புவது லோரிச் சக்கரமும், கொட்டி அள்ளும் இயந்திரமும்தான். எனவே வேலியோடு சேர்த்துத் தண்ணீர் தெளிப்பு, லோரிக்குக் கேன்வாஸ் மூடல், வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி ஆகிய மூன்றும் வேண்டும். "தண்ணீர் தெளிக்கிறோமே, வேலி எதற்கு?" என்பதும் தவறு, "வேலி போட்டோமே, தண்ணீர் எதற்கு?" என்பதும் தவறு. நம் வெயிலில் தெளித்த தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை யார் தெளிப்பார்கள்? வேலி மட்டும்தான் லீவு எடுக்காமல் நிற்கும்.

குவாந்தானை மறந்துவிட்டோமா?

திறந்தவெளிக் குவியல் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜனவரியில் இந்தோனேசியா தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. சீனாவின் அலுமினிய ஆலைகளுக்குப் பாக்சைட் தேவைப்பட்டது. எல்லோரும் பகாங்கிற்கு ஓடி வந்தார்கள். 2015-இல் மட்டும் 2 கோடி டன்னுக்கு மேல் குவாந்தானிலிருந்து கப்பலேறியது. புக்கிட் கோவில் தோண்டினார்கள். துறைமுகத்தைச் சுற்றிக் குவித்தார்கள். லோரிகள் இரவும் பகலும் ஓடின. சாலை சிவந்தது, வீடு சிவந்தது, 2015 முடிவில் கடலும் சிவந்தது.

பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 2016 ஜனவரி 15-ஆம் தேதி தோண்டுவதற்குத் தற்காலிகத் தடை வந்தது. முதலில் 3 மாதம் என்றார்கள். நீட்டித்து நீட்டித்து அது 2019 மார்ச் 31 வரை போனது. ஏன் இவ்வளவு காலம்? ஒரு பெரிய காரணம், ஏற்கெனவே குவித்துப் போட்டிருந்ததை அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தடை முடியும்போது புதிய நடைமுறை விதிகள் பேசப்பட்டன. அந்த விதிகளை முதல் லோரி ஓடுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க முடியாதா? கேட்கவில்லை. ஊர் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் கேட்டார்கள்.

அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பெல்டா குடியேற்றக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய வாக்கு அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. அப்படியும் அவ்வளவு தாமதம்! நம் குரலுக்கு எவ்வளவு தாமதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூசு யார் வீட்டுக்குப் போகிறது?

தூசுக்கு இனம் தெரியாது. ஆனால் தூசுக் கிடங்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தின் தென்கிழக்கு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லத்தீன் இனத் தொழிலாளர்களும் கறுப்பின மக்களும் பெருவாரியாக வாழ்கிறார்கள். எண்ணெய் ஆலைக் கழிவான கரித்தூளை அவர்கள் வீட்டுப் பக்கத்தில் மலையாகக் குவித்திருந்தார்கள். 2013 ஆகஸ்டில் அடித்த காற்றில் கரும்புழுதி தெருக்களை மூடியது. மக்கள் படம் எடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், விடாமல் நகர மன்றத்தைத் துரத்தினார்கள். 2014-இல் நகரம் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. 2016-க்குள் அந்தத் திறந்தவெளிக் குவியல்கள் அகன்றன.

சென்னையைப் பாருங்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசு வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பல ஆண்டுகள் வாட்டியது. 2011-இல் உயர் நீதிமன்றம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. வெற்றிதான். ஆனால் அந்த நிலக்கரி எங்கே போனது? வடக்கே எண்ணூருக்கு! அங்கேயும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும்தான் இருக்கிறார்கள். ஓர் ஏழை வீட்டிலிருந்து இன்னோர் ஏழை வீட்டுக்குத் தூசை மாற்றிவிடுவது தீர்வாகாது. குவியல் எங்கே இருந்தாலும் அதை அடக்கி வைக்க வேண்டியது அதன் முதலாளியின் கடமை. "எங்கள் ஊரில் வேண்டாம்" என்பதோடு நாம் நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

"தொழிற்சாலைப் பக்கத்தில் யார் உங்களைக் குடியேறச் சொன்னது?"

இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பவர்களுக்கு வெட்கமே இல்லை. இந்த வட்டாரம் பால்மரக் காடாக இருந்தபோது இங்கே யார் இருந்தார்கள்? நம் பாட்டன் பாட்டிதான். லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, விடியுமுன் நிரையில் நின்றவர்கள். பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சிரம்பானைச் சுற்றி வீடமைப்பு வந்தது, நெடுஞ்சாலை வந்தது, சுங்கை காடுட்டில் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை வந்தது. லயம் போனது. கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அந்தப் பணத்துக்கு எங்கே வீடு கிடைக்கும்? குன்றின் மேலா கிடைக்கும்? மலிவு வீடு எங்கே இருந்ததோ அங்கே போனோம். வசதியுள்ளவன் தூசு வந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவான். நாம் எங்கே போவது?

நம் உடம்பில் செலவை எழுதுவது புதிதும் இல்லை. தோட்டத்தில் மருந்து அடித்த நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். பாரகுவாட் களைக்கொல்லிக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். இடையில் போன ஆண்டுகளில் அந்தத் தோம்பைத் தோளில் சுமந்தது யார்? அதே கதைதான் தூசிலும் நடக்கிறது. வேலி போடும் செலவை முதலாளி மிச்சம் பிடிக்கிறார். அந்தச் செலவு நம் வீட்டில் மருந்துச் சீட்டாக, போன சம்பளமாக, பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளாக வந்து சேர்கிறது.

நுரையீரலுக்கு என்ன ஆகிறது?

கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசு மேசையில் படியும். மூக்கும் தொண்டையும் ஓரளவு அதைப் பிடித்து நிறுத்தும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசு. 10 மைக்ரோனுக்குக் குறைந்த துகள் மூச்சுக்குழாய்க்குள் போகும். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்தது நுரையீரலின் அடி ஆழம்வரை போகும். மனிதத் தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் இருதய நோயுள்ள பெரியவருக்கும் இது விளையாட்டு அல்ல.

கல், மணல் தூளில் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் தழும்பேறும். அந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. 1997-இலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. கிடங்கின் உள்ளே வேலை செய்பவருக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். அவர் நம் அண்ணனாக இருக்கலாம், வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளியாகவும் இருக்கலாம். வேலி வேண்டும் என்று கேட்கும்போது அவருக்கு நல்ல முகக்கவசமும் மருத்துவச் சோதனையும் சேர்த்துக் கேட்போம்.

நம் நாட்டின் தரக் கணக்குப்படி, 2020-லிருந்து 10 மைக்ரோன் தூசு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 45. நம் அளவே தாராளமானதுதான். ஆனால் அதைக்கூட உங்கள் வாசலில் யார் அளக்கிறார்கள்? சிரம்பானில் இருக்கும் அரசாங்க மானி வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது. குவியலிலிருந்து 200 மீட்டரில் இருக்கும் உங்கள் அடுப்படியின் நிலை அதில் தெரியாது. "இன்றைய காற்று நன்று" என்று எண் வரும்போதே உங்கள் வீட்டில் தூசு பறக்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு காற்றை மாசுபடுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2014-இல் தூய காற்று விதிமுறைகள் வந்தன. 2024-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை எழுப்ப நம் புகார் வேண்டும். உங்கள் வீட்டருகே திறந்தவெளிக் குவியல் இருந்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. குவியலைவிட உயரமான, துளையுள்ள காற்று வேலி. சாலைப் பக்கம் மட்டும் போதாது. பருவக்காற்று இரண்டு திசையிலிருந்தும் வருகிறது.

2. வேலி உயரத்தைத் தாண்டிக் குவிக்கக் கூடாது என்று உரிமத்திலேயே நிபந்தனை.

3. விடுமுறை நாளிலும் தண்ணீர் தெளிப்பு. நீண்ட நாள் கிடக்கும் குவியலுக்கு மூடல்.

4. லோரிகளுக்குக் கேன்வாஸ். வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி.

5. குடியிருப்புப் பக்கத்தில் தூசு மானி. அதன் கணக்கு மலாயிலும் தமிழிலும் தாமான் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

எப்படிக் கேட்பது?

வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். எழுதுங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கொடியில் கிடந்த துணி எந்தப் பக்கம் பறந்தது, எந்தக் குவியலில் வேலை நடந்தது என்று குறித்து வையுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றை ஜன்னல் ஓரத்தில் ஒரு நாள் வைத்து, மாலையில் படம் எடுங்கள். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோன சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். 10 வீட்டில் ஒரு மாதம் இப்படி எழுதினால் எந்த அதிகாரியும் "உங்கள் கற்பனை" என்று சொல்ல முடியாது.

பிறகு மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் சிரம்பான் மாநகர் மன்றத்துக்கும் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். 2020-லிருந்து சிரம்பானும் நீலாயும் ஒரே மாநகர் மன்றத்தின் கீழ் இருக்கின்றன. வியாபார உரிமம் கொடுப்பதும் அவர்கள்தான். எனவே "எங்கள் வேலை இல்லை" என்று தட்டிக் கழிக்க விடாதீர்கள். புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அவர் தேர்தல் நேரத்தில் மட்டும் கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறவராக இருந்தால், அந்த மேடையிலேயே கேளுங்கள்!

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தையும் சீனக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிள்ளையும் இருமுகிறது. ஆனால் அவர்கள் முன்னால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"கேட்டால் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். தூணும் தகடும் நட்டதற்காக ஆலையை மூடிவிட்டு ஓடுகிற முதலாளி நாளைக்குச் சம்பளம் ஏற்றக் கேட்டாலும் ஓடுவான். அவனை நம்பி நுரையீரலை அடகு வைக்க முடியுமா?

நாம் கேட்பது மாளிகை இல்லை, மானியம் இல்லை. அவர்கள் சரக்கு அவர்கள் வளாகத்துக்குள் கிடக்கட்டும், நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் வர வேண்டாம். இவ்வளவுதான் கோரிக்கை. அடுத்த முறை வானம் கறுத்துக் காற்று சுழலும்போது துணியை எடுக்க ஓடுங்கள். எடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் எடுங்கள். மணியைப் பாருங்கள். எழுதுங்கள்!